எந்த வருடத்து வண்டி

திருப்பதி வேதாச்சலத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை பிடித்தது எழுபத்திரண்டாம் வருடம் அக்டோபரில். நகரியில் விசைத்தறி போட்டுச் சம்பாதித்து, திருப்பதியில் லாட்ஜ் கட்டி, ஐம்பது வயதில் இடுப்பும் ஐம்பதைத் தொட்ட மனிதர் அவர். அந்த வண்டிக்குள் எப்படி நுழைவார், நுழைந்தால் எப்படி வெளியே வருவார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அது என் கவலை இல்லை. நான் சித்தூரில் மோட்டார் சர்வேயர். அடிபட்ட வண்டிகளின் சேதத்தை மதிப்பிடுவேன். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு, அது உண்மையில் எந்த வருடத்து வண்டி என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன்.

எனக்குப் போன் வந்தால் பக்கத்து மருந்துக்கடையில்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் அங்கே நின்றுதான் பேசினேன்.

"சாந்தகுமார் சார், சீமை வண்டி ஒண்ணு வந்துகீது. செவப்பு. ரெண்டே சீட்டு. டிரையம்ஃப்னு பேராம். புரோக்கரு அறுபத்தி நாலு மாடல்னு சொல்றான். புக்குலயும் அப்படித்தான் போட்டுகீது. எனுக்கு என்னமோ நம்பிக்கை வரல. நீங்க ஒரு தபா வந்து பாத்து சொல்லிடுங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கை வியர்த்திருந்தது. மருந்துக்கடைக்காரர் என்ன சார் உடம்புக்கு என்று கேட்டார். எரிந்து விழுந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம், பயம் வந்தால் இன்னும் அதிகம்.

அந்த மாதிரி வண்டி எங்கள் ஜில்லாவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு ஜமீன்தார் மகன் சீமையில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தொன்பதாம் வருடத்து வண்டி. அறுபது பிறந்தபோது சித்தூருக்கு வந்து சேர்ந்தது. அதைப் பராமரித்த மெக்கானிக்கின் பெயர் அசரியா. எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவன், கோயிலில் பாடகர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவன். அறுபத்து மூன்று நவம்பரில், விடாத மழையில், அந்த வண்டியை மதராஸில் பெயின்ட் அடிக்கக் கொண்டுபோனான். பிச்சாட்டூருக்கு இந்தப் பக்கம் ஆரணியாற்றின் தரைப்பாலத்தில் வெள்ளம். வண்டி தண்ணீரில் இறங்கினதைப் பார்த்தேன், ஏறினதைப் பார்க்கவில்லை என்று ஒரு மாட்டுக்காரர் போலீஸில் சொன்னார். கீழே இருந்த நீர்த்தேக்கத்தில் எட்டு நாள் தேடினார்கள். வண்டியும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

உடல் இல்லாமலேயே சபையார் அவனுக்குக் கல்லறை கட்டினார்கள். உள்ளே அவனுடைய கல்யாணக் கோட்டையும், வீட்டில் கிடந்த சில சாமான்களையும் ஒரு பெட்டியில் வைத்து மூடினோம். பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன்.

அவன் மனைவி ஞானசௌந்தரி மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். அவளைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தேன். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிக்கை வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம். இரண்டு முறை வாசித்தாயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. வருகிற ஞாயிறு மூன்றாவது.

வேதாச்சலத்தின் வண்டி உண்மையிலேயே அறுபத்து நாலு என்றால் அது வேறு ஏதோ வண்டி. எனக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்தொன்பது என்றால் அது அசரியாவின் வண்டி. திருப்பதியில் விலைக்கு நிற்கிற வண்டி ஆற்றில் போயிருக்க முடியாது. வண்டி போகவில்லை என்றால் அவனும் போகவில்லை. எங்கோ ஓடிப்போய் உயிரோடு இருக்கிறான். அப்படியானால் சௌந்தரி இன்னும் அவன் பெண்டாட்டி.

வியாழக்கிழமை காலை பஸ் ஏறினேன். வழி முழுவதும் அது அறுபத்து நாலாக இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டே போனேன். ஒரு வண்டியின் மாடலுக்காக ஜெபம் செய்த முதல் சர்வேயர் நானாகத்தான் இருப்பேன்.

லாட்ஜுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட்டில் வண்டி நின்றது. புது சிவப்புப் பெயின்ட் பளபளத்தது. வேதாச்சலமும் புரோக்கரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஜாம் ஆகியிருக்கிறது, ரொம்ப நாள் சும்மா நின்றதால்தான், மற்றபடி தங்கம் என்றான் புரோக்கர். நான் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷெட்டைக் காவல் காக்கிற கங்கையாதான் கதவைத் திறந்து விட்டார். எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்.

"சார், தெனம் காலைல வண்டிக்கு அடியில நீள்ளு. தொடச்சி வுட்டாலும் மறுநாள் நிக்குது. ரேடியேட்டரு ஒழுவுதுன்னு நெனச்சிக்கினு தொறந்து பாத்தன். அதுல சொட்டு தண்ணி இல்ல சார்."

குனிந்து பார்த்தேன். சிமென்ட் தரையில் வண்டியின் அளவுக்கே ஒரு ஈரம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஒரு வண்டியின் வயதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது, அவ்வளவுதான். சேஸிஸ் நம்பர் தகட்டைப் பார்த்தேன். நம்பர் புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட் நாலும் புத்தம் புதுசு. தகட்டை மாற்றுகிறவன் டைனமோவை மாற்ற மாட்டான். அதன் கூட்டிலேயே செய்த மாதத்தையும் வருடத்தையும் அடித்திருப்பார்கள். துணியில் மண்ணெண்ணெய் தோய்த்துத் துடைத்தேன். எட்டு, ஐம்பத்தொன்பது. வைப்பர் மோட்டாரைத் துடைத்தேன். ஏழு, ஐம்பத்தொன்பது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். அதுவும் எட்டு, ஐம்பத்தொன்பது.

படுத்தபடியே கிடந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. என் பையில் சர்டிபிகேட் புத்தகம் இருந்தது. அதில் அறுபத்து நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேதாச்சலம் சந்தோஷப்படுவார், புரோக்கர் சந்தோஷப்படுவான், நான் ஞாயிற்றுக்கிழமை தலை நிமிர்ந்து கோயிலில் உட்காருவேன். மூன்று பேரைச் சந்தோஷப்படுத்த இரண்டே இலக்கம்தான் மாற்ற வேண்டும். எழுதிவிடலாம் என்றே நினைத்தேன். அதை மறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்.

எழுதுவதற்காக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். புது ரெக்ஸின் தைத்த சீட். பேனாவைத் திறப்பதற்குள் தொடை குளிர்ந்தது. எழுந்து பார்த்தால் என் பேண்ட் முழுவதும் நனைந்திருந்தது. சீட்டை உள்ளங்கையால் அழுத்தினேன். தையல் வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. கலங்கல் தண்ணீர், குளத்து வாடை.

பேனாவை மூடிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கதவின் உள்பலகையைக் கழற்றினேன். கதவுக் கூட்டின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. மாவு போல நைஸான வண்டல். அதில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள். ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றினேன், அதன் பின்னாலும் வண்டல். இது மழையில் நனைந்த வண்டி இல்லை. வருடக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் கிடந்த வண்டி.

நான் புரோக்கரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டேன். லாட்ஜ் மாடியில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவன் இரண்டு நிமிஷம் தாங்கினான், அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டான்.

"கோச்சிக்காதீங்க சார். இந்த வெயில் காலத்துல பிச்சாட்டூர் டேம் வத்திப் போச்சில்ல, அப்போ சேத்துக்குள்ளருந்து கெடச்சிது. மாடு பூட்டி இழுத்தாங்க. புக்கு வேற வண்டியோடது. உள்ள யாரும் இல்ல சார், சத்தியமா. சேறுதான் ரொம்பி கெடந்துது. கதவு ரெண்டும் நல்லா சாத்தித்தான் இருந்துது."

வேதாச்சலம் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்துல போன வண்டியா? ஆள் செத்த வண்டியை எங்கிட்ட விக்க வந்தியா நீ?" என்று அவனைத் துரத்த ஆரம்பித்தார்.

கூச்சமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலை சுற்றுகிற அளவுக்குச் சந்தோஷம். வண்டி ஆற்றில்தான் போயிருக்கிறது. அசரியா ஓடிப்போகவில்லை, செத்துத்தான் போனான். ஒரு மனிதன் செத்தது நிச்சயமானதற்கு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வாய் சிரித்துக்கொண்டேதான் இருந்தது. சௌந்தரியை அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே எனக்குப் பிடிக்கும். அசரியா முந்திக்கொண்டான். பதினாலு வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தோடு சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் இது அசரியாவின் வண்டிதான் என்பதற்கு இன்னொரு அடையாளம் இருந்தது. சர்வேயர் புத்தி சும்மா இருக்க விடவில்லை.

அதைச் சொல்வதற்கு எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வருடப் பிறப்பு ஆராதனையில் ஒரு டப்பாவில் எண் எழுதிய வில்லைகளைப் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்த எண் வருகிறதோ, பாட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுள்ள பாட்டுதான் அந்த வருடத்துப் பாட்டு. கோயிலில் ஒரு பலகை இருக்கிறது, அதில் அந்த எண்ணை மாட்டிவிடுவார்கள். வருடம் முழுவதும் இறக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு வருடமே அதுதான். முப்பத்தேழில் என் மகள் பிறந்தாள், எண்பத்து நாலில் வீடு கட்டினேன் என்பார்கள். வெளியாள் கேட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது.

அசரியா அதைத் தொழிலிலும் கொண்டுவந்தான். ஒவ்வொரு ஜனவரியும் அந்த வண்டியின் எஞ்சின் மேல் மூடியைக் கழற்றி டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, சரிபார்ப்பான். மூடியின் உள்பக்கம் தேதி போடாமல் அந்த வருடத்துப் பாட்டின் எண்ணை, சுத்தியலால் தட்டினால் இரும்பில் எண் பதிகிற பஞ்ச் கொண்டு அடித்து வைப்பான். டேய், நாளைக்கு வேறு மெக்கானிக் பார்த்தால் பார்ட் நம்பர் என்று நினைத்து பஜாரெல்லாம் அலைவான் என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவனுடைய பஞ்ச் செட்டில் ஒன்பதின் வால் உடைந்திருக்கும். புதுசு வாங்க மனமில்லாத கஞ்சன்.

மூடியின் நட்டுகள் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தன. புரோக்கரின் ஆட்கள் அதைத் தொட்டிருக்கவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, தட்டித் தட்டிக் கழற்றினேன். அடியில் இருந்த கார்க் ஜாயின்ட் இரும்போடு இறுகிப் போயிருந்தது. உளியால் சுற்றிலும் கீறித்தான் மூடியை எடுக்க முடிந்தது. வண்டி ஆற்றில் இறங்கிய பிறகு அதை யாரும் திறக்கவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன்.

உள்பக்கம் எண்ணெய்ப் பசையோடு சுத்தமாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினேன்.

84. அறுபதாம் வருடம். 212. அறுபத்தொன்று. 37. அறுபத்திரண்டு. 159. அறுபத்து மூன்று, ஒன்பதுக்கு வால் இல்லை. அவன் பக்கத்தில் நின்று இந்த நாலு பாட்டையும் பாடியிருக்கிறேன். கண் கலங்கியது. பாவம் அசரியா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அதற்குக் கீழே இன்னொரு எண் இருந்தது. 301.

முன்னூற்றொன்றை எனக்கு நன்றாகத் தெரியும். யாருக்கும் ராகம் தெரியாத பாட்டு. வேறு எண் எடுக்கலாம் என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள், ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். வருடம் முழுவதும் அதை முனகிக்கொண்டே கழித்தோம். அது அறுபத்து நாலாம் வருடம். அசரியா செத்ததற்கு அடுத்த வருடம்.

அதற்குக் கீழே 18. அதற்குக் கீழே 96, வால் இல்லாத ஒன்பதோடு. அப்புறம் 270, 5, 133, 62, 188. கடைசியில் 240. இருநூற்று நாற்பது இந்த நிமிஷம் கோயில் பலகையில் மாட்டியிருக்கிற எண். நாலும் ஒன்பதும் பதின்மூன்று எண்கள், வரிசை தப்பாமல், ஒரே கை, ஒரே அழுத்தம். நாலைத் தவிர மற்ற ஒன்பதையும் அவன் தண்ணீருக்கு அடியில் இருந்து அடித்திருக்கிறான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கங்கையா தோளைத் தொட்டபோது கத்திவிட்டேன். அந்தப் பஞ்ச் செட் எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கோட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து மூடினோமே, அதில் இருந்தது. பெட்டியில் அதை வைத்தவனே நான்தான்.

சர்டிபிகேட்டில் தயாரிப்பு வருடம் 1959 என்று எழுதிக் கொடுத்தேன். வேதாச்சலம் வண்டியை அன்றைக்கே வெளியே இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். கூலிக்குப் பதிலாக அந்த மூடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ்ஸில் மடியில் கோணிப்பையோடு உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. "பையில இன்னா சார், மீனா? எறக்கி கீழ வை, சீட்டெல்லாம் நாசமாவுது" என்று கண்டக்டர் கத்தினான். வழக்கமாக நான் அவனைச் சும்மா விடமாட்டேன். அன்றைக்குப் பையைக் கீழே வைத்தேன்.

சௌந்தரியிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். முடியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு இதை மறைத்து வாழ்ந்தால், ஒவ்வொரு வருடப் பிறப்பிலும் எனக்கு மூச்சு நிற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிவிட்டதும் அவள் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். மேசைமேல் மூடியை மல்லாக்க வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவள் பயப்படவில்லை. அதற்குத்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. கரும்பலகைச் சாக்பீஸ் ஒட்டியிருந்த விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். 240-இல் விரல் நின்றது.

"எல்லாம் சரியாத்தான் போட்டுகினு வந்துகிறாரு," என்றாள்.

"இன்னா சரியா? செத்தவன் எப்படிப் போடுவான்? அவனுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்."

வருடா வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி ஆராதனை முடிந்ததும் அவள் தனியாகக் கல்லறைக்குப் போவாளாம். அந்த வருடத்துப் பாட்டை அங்கே நின்று முழுவதும் பாடுவாளாம். அசரியா உயிரோடு இருந்தபோது ஒரு வருடம்கூட வருடப் பிறப்பு ஆராதனையைத் தவற விட்டதில்லை. அவனுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று நினைத்தாளாம். ஒன்பது வருடமாக இது நடக்கிறது. யாருக்கும் தெரியாது.

"பாடிட்டு வந்துடுவேன். கேக்கும்னு நெனச்சிக்கினு பாடல. மனசு கேக்கல, பாடினேன். கேட்டுக்கினு இருந்துகிறாரே."

"சரி. இனிமே போகாத. வுட்டுடு. வர வருஷம் பாடாத. தானா நின்னுடும்."

"நின்னுட்டா? அவுருக்கு எந்த வருஷம்னு யாரு சொல்லுவாங்க?"

"செத்தவனுக்கு எதுக்குடி வருஷம்?" என்று கத்திவிட்டேன். அவளை நான் 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

சௌந்தரி குரலை உயர்த்தவில்லை. "செத்தது அவுருக்குத் தெரியல. அதான் வேலை செஞ்சிக்கினே இருக்காரு. ஜனவரி வந்தா டேப்பட்டு பாக்கணும், நம்பர் போடணும், வண்டியை மதராசுக்குக் கொண்டும் போவணும். நானும் வருஷா வருஷம் போயி, இன்னும் ஒரு வருஷம் ஆச்சுன்னு சொல்லிட்டு வந்துகிறேன். நீங்க செத்துட்டீங்கன்னு ஒரு தபாவும் சொல்லல. எனக்கு வாய் வரல."

மூடியின் ஓரத்திலிருந்து மேசையில் தண்ணீர் கோடாக இறங்கி, திருத்தாத நோட்டுகளை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி நகர்த்தி வைத்தாள்.

"நான் போனா பெண்டாட்டியாத்தான் போவணும்," என்றாள். "அப்படிப் போயிக்கினு உங்களைக் கட்டிக்க முடியாது. போவாமலும் இருக்க முடியாது, பாவம். நீங்க போங்க. எதெது எந்த வருஷம்னு பாத்து சொல்றதுதானே உங்க வேலை? அவுருகிட்ட போயி உண்மையைச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

"சொல்லி, அதுக்கு அப்புறமும் நம்பர் போட்டா?"

"போட்டா எனக்குப் புருஷன் இருக்காருன்னு அர்த்தம். கல்யாணம் வேணாம்."

மூன்றாவது அறிக்கையை வருடப் பிறப்புக்கு அப்புறம் வாசித்துக்கொள்ளலாம் என்று ஐயரிடம் அவளே போய்ச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. சபையில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பெரும்பாலான கதைகளில் என் முன்கோபம்தான் காரணம். மூடியை என் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் பீரோவுக்கு அடியில் காலையில் ஈரம் இருந்தது. நானே துடைத்தேன்.

எழுபத்து மூன்று ஜனவரி ஒன்று. ஒரு சின்னப் பெண் டப்பாவில் கையை விட்டு 129 எடுத்தாள். சபையார் எழுந்து பாடினார்கள். நான் வாயை அசைத்தேன், சத்தம் வரவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் கேக் தின்னக் கூடத்துக்குப் போனார்கள். சௌந்தரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கிளம்பினேன்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் ஏறியிருந்தது. புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. அசரியாவின் கல்லைச் சுற்றி மட்டும் மண் கறுத்து, மிதித்தால் கால் புதைகிற மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் காத்துக்கொண்டிருக்கிற ஒருவர் முன்னால் நிற்கும்போது உடம்பு எப்படிக் கூசுமோ அப்படிக் கூசியது. சௌந்தரி வருவாள் என்று அவன் எதிர்பார்த்த இடத்தில் நான் வந்து நிற்கிறேன் என்று தோன்றியது.

"அசரியா," என்றேன். "நான்தான்டா, சாந்தகுமாரு."

செருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"உன் வண்டியைப் பாத்தேன். ஐம்பத்தொம்பதுதான். யாரோ அறுபத்தி நாலுன்னு பொய் சொன்னான், நான் வுடல. இப்போ எழுபத்தி மூணு பொறந்துகீது. கோயில்ல நூத்தி இருபத்தொம்பது பாடினோம். ஆனா உனக்கு அது வேணாம். கேட்டுக்க. நீ அறுபத்தி மூணுலியே போயிட்ட. நவம்பர்ல, தரைப்பாலத்துல. உன்னை எட்டு நாள் தேடினோம். நானும் தண்ணில எறங்கித் தேடினேன், எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். வண்டியை எடுத்துட்டாங்க. இனிமே நீ மதராசுக்குப் போவ வேண்டியதில்ல. டேப்பட்டு பாக்க வேண்டியதில்ல. வேலை முடிஞ்சிபோச்சிடா."

சௌந்தரியைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவளை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன், நீ ஒத்துக்கொள் என்று சொல்ல வழி முழுவதும் வாசகம் தயார் செய்திருந்தேன். அந்தக் கல்லின் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனிதனிடம் நீ செத்துவிட்டாய் என்று சொன்ன அதே மூச்சில், உன் பெண்டாட்டியைக் கொடு என்று எப்படிக் கேட்பது. சொல்லவில்லை. பாடகர் வரிசையில் அவன் பக்கத்தில் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டு சும்மா நின்றேன். காலடி ஈரம் மெல்ல இறங்குகிற மாதிரி இருந்தது. அது என் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது சௌந்தரி வாசலில் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். சொன்னீங்களா என்று கேட்கவில்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். கோணிப்பை காய்ந்து முறுகியிருந்தது. தூக்கியபோது தூசு பறந்தது. மூடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், மூடியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

240-க்குக் கீழே புதிதாக ஓர் எண் அடித்திருந்தது. இரும்பு வெட்டுப்பட்ட இடம் வெள்ளையாக மின்னியது. அது 129 இல்லை. எந்தப் பாட்டின் எண்ணும் இல்லை.

1963.

அதற்குக் கீழே இடம் இருந்தது. ஒன்றும் இல்லை.

அசரியா ஆற்றில் போனான் என்று சேதி வந்த அன்றும், காலிப் பெட்டியைக் குழிக்குள் இறக்கிய அன்றும் சௌந்தரி அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சபையில் பேசினார்கள். அவள் மூடியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த நாலு இலக்கத்தையும் கையால் மூடிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு, புருஷனைப் பறிகொடுத்தவள் அழுகிற மாதிரி அழுதாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, யாரும் உள்ளே போகாதபடி படியில் உட்கார்ந்துகொண்டேன்.